காவலுக்குள் இருக்கிற ஆள் ஓவர்டோஸில் எப்படிச் சாகிறார்? வெளியே வரப்போகும் தம்பியைப் பற்றியும் ஒரு கேள்வி

ஆற்றங்கரை (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி மகன் ஒரு போதை வழக்கில் உள்ளே இருக்கிறான். தண்டனை முடிந்து அடுத்த மாதம் வருகிறான். வழக்கு சரியா தப்பா என்று பேச நான் வரவில்லை. போன வாரம் போனில் பேசும்போது அவன் குரலே சரியில்லை. என்னடா என்றால் முதலில் ஒன்றுமில்லை என்றான், அப்புறம் மெதுவாகச் சொன்னான். பக்கத்து செல்லில் இருந்த ஒருவர் இறந்துவிட்டாராம். ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய குறட்டை, நடுநடுவே தொண்டையில் தண்ணீர் நின்ற மாதிரி களகளவென்று ஒரு சத்தம், 'என்ன தூக்கம்டா இது' என்று இவர்களே சிரித்திருக்கிறார்கள். விடிவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. காலை எண்ணிக்கைக்குக் கதவைத் திறந்தபோது ஆள் விறைத்துக் கிடந்தாராம். வீட்டுக்கு மாரடைப்பு என்று தகவல் போயிருக்கிறது. உள்ளே இருக்கிற எல்லோருக்கும் என்ன நடந்தது என்று தெரியும் என்கிறான்.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். நான்கு பக்கமும் சுவர், கேமரா, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சோதனை. அந்த இடத்தில் ஒருவர் போதை மருந்தில் சாகிற அளவுக்கு எப்படிக் கிடைக்கிறது? அப்படியே கிடைத்தாலும் காவலுக்கு ஆள் இருக்கும்போது ஒருத்தர் கூடவா பார்க்கவில்லை?

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். தம்பி உள்ளே போவதற்கு முன் ஹெராயின் பழக்கத்துக்கு ஒரு கிளினிக்கில் மெத்தடோன் என்ற மருந்தைக் குடித்துக்கொண்டிருந்தான், ஓரளவு நன்றாகவே இருந்தான். உள்ளே போனதும் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது 'நான் சுத்தமாக இருக்கிறேன் அண்ணா' என்கிறான், நம்புகிறேன். வீட்டில் எல்லோரும் ஆபத்தெல்லாம் உள்ளேதான், வெளியே வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது சரிதானா?

---

இரவுப்பணி

சிறை மருத்துவப் பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்தேன். இப்போது வேறு இடம். எந்த ஊர், எந்தச் சிறை என்று கேட்காதீர்கள்.

முதலில் அந்தக் குறட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தூக்கமே இல்லை. ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் என்று ஓபியாய்டு வகை எதுவாக இருந்தாலும் அளவு மீறினால் மூளை மூச்சு விடச் சொல்வதை மறக்கத் தொடங்கிவிடும். நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்குக் குறையாமல் மூச்சு விட வேண்டியவர் எட்டு, ஆறு, நான்கு என்று இறங்குவார். நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து காற்று போகிற வழியைப் பாதி அடைத்துவிடும், அந்தச் சத்தம்தான் வெளியே குறட்டையாகவும் களகளப்பாகவும் கேட்கிறது. ஹெராயினில் பெரும்பாலும் ஆள் சட்டென்று செத்து விழுவதில்லை, ஒன்றிரண்டு மணிநேரம் கூட இழுக்கும், அவ்வளவு நேரமும் காப்பாற்றக்கூடிய நேரம்தான். ஃபென்டனில் என்றால் அந்த அவகாசம் நிமிடக் கணக்கு.

தூங்குகிறாரா இல்லையா என்று பார்க்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட வேண்டும், எழவில்லை என்றால் கை முட்டியால் நெஞ்செலும்பின் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டும். தூங்குகிறவன் வலியில் கத்திக்கொண்டு எழுந்துவிடுவான். எழாதவருக்குக் கண் இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கும், கறுத்த தோலில் அது சாம்பல் நிறமாகத்தான் தெரியும், அதனாலேயே பலருக்குத் தெரியாமல் போகிறது.

ஆனால் ராத்திரி எண்ணிக்கையில் நடப்பது என்ன? கதவில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள், போர்வைக்குள் ஒரு உடம்பு இருக்கிறது, டிக் போட்டுவிட்டு அடுத்த கதவு. ஆள் தப்பித்துவிட்டாரா என்று பார்க்கத்தான் அந்த எண்ணிக்கையே, உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க இல்லை. ஒவ்வொரு மணிக்கும் 'தூங்குகிறார்', 'தூங்குகிறார்' என்று ஒரே மையில் ஒரே சாய்வில் காலை வரைக்கும் எழுதிய ஒரு பதிவேட்டைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் போய்ப் பார்த்தபோது அந்த ஆளுக்குத் தாடை விறைத்துப்போயிருந்தது, வாய்க்குள் குழாய் விட முடியவில்லை. அதாவது கடைசி இரண்டு மூன்று 'தூங்குகிறார்' எழுதப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டீர்கள். நிறையக் கிடைக்க வேண்டியதே இல்லை, பலருக்கும் புரியாத இடம் இதுதான். தினமும் ஓபியாய்டு எடுக்கிறவரின் உடம்பு மெல்ல மெல்ல அதைத் தாங்கப் பழகிக்கொள்கிறது, புதிதாக எடுக்கிறவனைக் கொல்லும் அளவு அவருக்கு ஒன்றும் செய்யாது. உள்ளே போய்ச் சில வாரம் எடுக்காமல் இருந்தால் அந்தத் தாங்கும் சக்தி கரைந்துவிடும், ஆசை மட்டும் அப்படியே இருக்கும். பழைய நினைப்பில் பழைய அளவை எடுத்தார் என்றால் முடிந்தது. உள்ளே கிடைப்பது விட்டு விட்டுத்தான் கிடைக்கும், என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. ஆக உடம்பு எப்போதும் பழக்கம் விட்ட நிலையிலேயே இருக்கிறது, கையில் வருவதன் வீரியம் ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கிறது.

அமெரிக்காவில் மாநிலச் சிறைகளில் போதை மருந்தாலோ மதுவாலோ இறந்தவர்கள் 2001-ல் 35 பேர், 2018-ல் 249 பேர். அந்நாட்டு நீதித்துறைப் புள்ளியியல் பிரிவே வெளியிட்ட கணக்கு இது.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் நினைப்பது தலைகீழ். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை விடுதலையான முப்பதாயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு 2007-ல் வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் ஓவர்டோஸில் சாகும் ஆபத்து, அதே மாநிலத்தின் மற்ற மக்களோடு ஒப்பிட்டால் 129 மடங்கு. எழுத்துப்பிழை இல்லை, நூற்று இருபத்தொன்பதுதான். அதற்குப் பிறகு வேறு வேறு நாடுகளில் பார்த்ததிலும் எண் மாறியதே தவிர கதை மாறவில்லை. உங்கள் தம்பி சுத்தமாக இருக்கிறான் என்பது நிஜமாகவே நல்ல செய்தி, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதுவேதான் ஆபத்தும். மெத்தடோனை நிறுத்தியதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன்.

---

நேர்கோடு

இவ்வளவு பெரிய பதிவு எதற்கு என்றே தெரியவில்லை. பொருள் உள்ளே வராவிட்டால் யாரும் சாகப் போவதில்லை. கண்ணாடித் தடுப்பு போடு, கடிதத்தை நிறுத்து, வருகிறவனையெல்லாம் ஸ்கேன் பண்ணு. அதைச் செய்ய வக்கில்லாமல் செத்தவனுக்காக ஒப்பாரி. உள்ளே போயும் திருந்தாதவனுக்கு யார் என்ன செய்ய முடியும்?

---

எண்ணிக்கைமுடிந்தது

நேர்கோடு அண்ணாச்சி, நான் உள்ளே இருந்தவன். நீங்கள் சொன்னதெல்லாம் செய்து பார்த்தாயிற்று.

பெருந்தொற்று வந்த 2020-ல் உலகம் முழுக்க எத்தனை சிறைகளில் பார்வையாளர்களையே நிறுத்தினார்கள், மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, ஒரு ஈ காக்கை உள்ளே வரவில்லை. பொருள் வந்துகொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் யார் கொண்டு வந்தார்கள்? வெளியிலிருந்து தினமும் உள்ளே வந்து போகிறவர்கள் யார் என்று யோசித்தால் போதும், நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வார்டரும் அப்படி என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு பிளாக்குக்கு ஒருவர் போதும். அப்புறம் சுவருக்கு மேலே வருவது, ட்ரோனில் வருவது, கோர்ட்டுக்குப் போய்வருகிறவன் வயிற்றுக்குள் வருவது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2018-ல் மாநிலச் சிறைகள் முழுக்கக் கைதிகளை செல்லுக்குள்ளேயே அடைத்துவிட்டு, அதிலிருந்து கைதிக்கு வருகிற கடிதத்தை வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு அனுப்பி ஸ்கேன் செய்து நகல் மட்டும்தான் கொடுக்கிறார்கள். காகிதத்தில் செயற்கைக் கஞ்சா ரசாயனத்தை ஊற வைத்து அனுப்புகிறார்கள் என்பதுதான் காரணம், அது பொய்யும் இல்லை, இங்கிலாந்துச் சிறைகளிலும் அதே தலைவலி இருக்கிறது. ஆனால் பிள்ளை வரைந்து அனுப்பிய படம் ஜெராக்ஸாக வந்ததே தவிர அமெரிக்கச் சிறைகளில் போதை ஒழிந்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது.

சோதனையை இறுக்கினால் இன்னொன்றும் நடக்கிறது. பெரிதாக இருப்பது வராது, சின்னதாக இருப்பது வரும். கஞ்சா மூட்டையாக வரும், நாற்றம் எட்டு செல்லுக்கு வீசும், யாரும் அதைக் கொண்டுவர மெனக்கெட மாட்டார்கள். ஃபென்டனில் நகக்கண் அளவு போதும். இப்போது நைட்டசீன் என்று ஒரு வகை வந்திருக்கிறதாம், அதில் சிலது ஃபென்டனிலையும் தூக்கிச் சாப்பிடும் என்கிறார்கள். சோதனை கெடுபிடி ஆக ஆக உள்ளே வருவதன் வீரியமும் ஏறுகிறது, சுவருக்குள் ஒருவனுக்கு இதைத் தவிர வேறு வழியும் கிடைக்காது. சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் போதும் என்பவர்கள் ஒரு ராத்திரி உள்ளே வந்து படுத்துப் பார்க்கட்டும்.

ஏன் ஒருத்தரும் பார்க்கவில்லை என்று கேட்டீர்களே, பார்த்திருப்பார்கள் தம்பி. அதுதான் கொடுமை. பக்கத்தில் படுத்திருப்பவன் நீலமாகப் போகிறான் என்று தெரிகிறது, கதவைத் தட்ட வேண்டும். தட்டினால் என்ன ஆகும்? ராத்திரியோடு ராத்திரியாக மொத்த செல்லையும் கவிழ்த்துச் சோதனை போடுவார்கள், மாட்டினவன் பெயரில் புது வழக்கு வரும், மாட்டாதவனுக்கு மனு கட், தண்டனைக் குறைப்பு கட். விடிந்ததும் 'நீதானே கூப்பிட்டாய்' என்று பொருள் வைத்திருப்பவன் வந்து நிற்பான். அதனால் என்ன செய்கிறார்கள் என்றால் தண்ணீரைத் தெளிக்கிறார்கள், கன்னத்தில் அடிக்கிறார்கள், இரண்டு பேர் தோளில் தாங்கி நடக்க வைக்கிறார்கள், கொஞ்சம் முனகினான் என்றால் சரி, பிழைத்துவிட்டான் என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் சாகிறான். நான் ஒருவனை அப்படி நடக்க வைத்திருக்கிறேன். அவன் பிழைத்தான், ஏன் பிழைத்தான் என்று எனக்குத் தெரியாது.

---

வாய்தா

வழக்கறிஞர். காவல் மரண வழக்குகளில் குடும்பத்தின் பக்கம் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறு என்பதால் பொதுவாகவே சொல்கிறேன்.

'மாரடைப்பு' என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் பார்ப்போம். சாகிற எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்கிறது, ஆகவே அதை எழுதினால் யாரும் பொய் சொன்னதாக ஆகாது, யாரும் எதையும் சொன்னதாகவும் ஆகாது. ஓவர்டோஸா இல்லையா என்பது உடற்கூறாய்வு மேசையில் கண்ணால் பார்த்து முடிவாகிற விஷயம் இல்லை. நுரையீரலில் நீர் கோத்திருக்கும், மூளை வீங்கியிருக்கும், அவ்வளவுதான் தெரியும், வேறு பல சாவுகளிலும் அப்படித்தான் இருக்கும். ரத்தம், சிறுநீர், கல்லீரல் மாதிரி எடுத்து ரசாயனப் பரிசோதனைக்குப் போய் அந்த அறிக்கை வந்தால்தான் தெரியும், அதற்கு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆகும். அதற்குள் 'இயற்கை மரணம்' என்று ஒரு தாள் வந்துவிட்டால் கோப்பு மூடப்பட்டுவிடும். ரத்தத்தையும் தொடை ரத்தக்குழாயிலிருந்து எடுக்க வேண்டும். இறந்த பிறகு பல மருந்துகள் உறுப்புகளிலிருந்து இதய ரத்தத்துக்குள் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும், பிறகு எதிர்த்தரப்பு அதை வைத்தே வாதாடும். புதிய ரகங்களைச் சாதாரணப் பரிசோதனையில் பிடிக்கவே முடியாது, குறிப்பிட்டுக் கேட்டால்தான் தேடுவார்கள்.

அந்தக் குடும்பத்தோடு உங்கள் தம்பிக்குத் தொடர்பு இருந்தால் ஒன்று சொல்லச் சொல்லுங்கள். உடலைத் தகனம் செய்வதற்கு முன் ரசாயனப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேட்க வேண்டும். கூடவே அன்றைய ராத்திரியின் கேமராப் பதிவு, இரவுப்பணி மேலே சொன்ன அந்தப் பதிவேடு, மருந்துச் சீட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட நேரம், இவற்றை அழிக்காமல் வைக்கச் சொல்லி ஒரு கடிதம். கேமராப் பதிவு பல இடங்களில் சில வாரத்தில் தானாகவே அழிந்துவிடும், அதனால் அந்தக் கடிதத்துக்குத்தான் அவசரம். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் நிதானமாக முடிவு செய்யலாம்.

2015-ல் ஐநா பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 71-வது விதியைப் படியுங்கள். காவலில் நேர்ந்த எந்த மரணத்தையும் சிறை நிர்வாகத்துக்கு வெளியே உள்ள, சுதந்திரமான ஓர் அமைப்புக்குத் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 24-வது விதி உங்கள் தம்பிக்கு நேரடியாகவே பொருந்தும். வெளியே கிடைக்கும் அதே தரத்தில் உள்ளேயும் மருத்துவம் கிடைக்க வேண்டும், போதைச் சார்புக்கான சிகிச்சை உட்பட எதுவும் அறுபடாமல் தொடர வேண்டும் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 27-வது விதி, மருத்துவ முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும், சிறை அதிகாரி அதை மாற்றக் கூடாது என்கிறது. மெத்தடோனை நிறுத்தியது யார், மருத்துவரா கண்காணிப்பாளரா என்று நான் முதலில் கேட்பேன். விதிகள் நாட்டைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இல்லைதான், ஆனால் மனுவில் எழுதினால் நீதிபதி படிப்பார்.

இன்னொரு ரகச் சாவையும் யாரும் பேசவில்லை. கைதான முதல் நாளில் நடப்பது. போலீஸ் வருவதைப் பார்த்துக் கையில் இருந்ததை விழுங்கிவிட்டு வருகிறவர்கள், பிடிபடும்போதே போதையில் இருந்தவர்கள். அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளில் போதையால் இறந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்து ஒரு நாளுக்குள் இறந்தவர்கள் என்கிறது மேலே சொன்ன அதே புள்ளியியல் பிரிவு. இந்தச் சாவுக்கும் உள்ளே பொருள் வருவதற்கும் சம்பந்தமே இல்லை. 'விழுங்கினாயா' என்று கேட்டால் எவனும் ஆமாம் என்று சொல்ல மாட்டான், சொன்னால் அது வழக்கில் சேரும். அதனால்தான் முதல் மருத்துவப் பரிசோதனையைப் போலீஸ் காதில் விழாத இடத்தில் செய்ய வேண்டும் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறோம்.

---

ஆற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. அந்த 129 என்ற எண்ணைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரவுப்பணி அக்கா, (அக்கா என்று கூப்பிடலாம்தானே) எனக்குச் சங்கடம் இதுதான். அவன் வரும்போது அம்மாவும் சித்தியும் சந்தோஷத்தில் இருப்பார்கள். அந்த நேரத்தில் நான் போய் 'ஓவர்டோஸுக்கு மருந்து வாங்கி வைப்போம்' என்றால் நல்ல வார்த்தை சொல்ல வாய் வராதா என்று சண்டைக்கு வருவார்கள். அவனுக்கும் நான் நம்பவில்லை என்று மனசு விட்டுப் போகும். சொல்லத்தான் வேண்டுமா? மெத்தடோனைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்வதும் பழைய குழியில் தள்ளுவதாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

---

நேர்கோடு

அதைத்தான் நானும் கேட்கிறேன். ஒரு போதையை நிறுத்த இன்னொரு போதையைக் கொடுப்பது என்ன வைத்தியம்? ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ சுத்தமாக இருந்த பையனிடம் போய்த் திரும்பக் குடி என்பதா?

---

இரவுப்பணி

தாராளமாக அக்கா என்று கூப்பிடுங்கள்.

நேர்கோடு கேட்டது நியாயமான கேள்விதான், எங்கள் டாக்டர்களில் பாதிப் பேருக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. மெத்தடோனும், அதே வேலைக்குக் கொடுக்கும் பியூப்ரெனார்ஃபினும் ஓபியாய்டுதான், மறுக்கவில்லை. ஆனால் சரியான அளவில் மெதுவாக வேலை செய்து நாள் முழுக்க நிற்பதால் ஏற்றமும் இல்லை, நடுக்கமும் இல்லை, உடம்பின் தாங்கும் சக்தியும் அப்படியே இருக்கும். அந்தக் கடைசி விஷயம்தான் உயிரைக் காப்பது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005 முதல் இரண்டும் இருக்கின்றன.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2016-ல் சிறைக்கு வருகிற எல்லோரையும் பரிசோதித்து, தேவைப்பட்டவருக்கு மெத்தடோனோ பியூப்ரெனார்ஃபினோ ஓபியாய்டைத் தடுக்கும் நால்ட்ரெக்சோனோ உள்ளேயே கொடுத்து, வெளியே போகும்போது கிளினிக்கோடு கோத்துவிட்டார்கள். வெளியே வந்து ஓவர்டோஸில் இறந்தவர்கள் ஒரே வருடத்தில் 61 சதவீதம் குறைந்தார்கள். இங்கிலாந்துச் சிறைகளில் பார்த்தது இன்னும் அழுத்தமானது. உள்ளே இந்தச் சிகிச்சையில் இருந்தபடியே விடுதலையானவர்களுக்கு முதல் ஒரு மாதத்தில் போதை மருந்தால் சாகும் ஆபத்து 85 சதவீதம் குறைவு. உள்ளே நடக்கிற சாவுக்கும் இது பொருந்தும், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சிறைகளில் இந்த மருந்தில் இருந்தவர்கள் காவலில் இறப்பது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. இத்தனையும் தெரிந்தும் உள்ளே வந்த அன்றைக்கே மெத்தடோனை வெட்டுகிற சிறைகள்தான் இன்னும் ஏராளம். கேட்டால் 'பதுக்கி விற்பார்கள்' என்பார்கள். நர்ஸ் முன்னால் குடித்து, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிற முறை எத்தனையோ வருடமாக இருக்கிறது.

தம்பி திரும்ப ஆரம்பிக்க வேண்டுமா என்பதை நான் இங்கே சொல்ல முடியாது, மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் இடைவெளிக்குப் பிறகு பழைய மெத்தடோன் அளவையே குடிப்பதும் ஆளைக் கொன்றுவிடும், அதனால் பழைய பாட்டில் எதுவும் வீட்டில் இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். விடுதலைக்கு முன்பே உள்ளே இருக்கும் மருத்துவரைப் பார்க்க அவனே எழுதிக் கேட்கட்டும், கிளினிக்கில் வெளியே வந்த மறுநாளுக்கு நேரம் வாங்கிவையுங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சில இடங்களில் நால்ட்ரெக்சோன் ஊசி போட்டு அனுப்புவார்கள், சுமார் ஒரு மாதம் ஓபியாய்டை வேலை செய்ய விடாது, நல்லதுதான், ஆனால் ஊசியின் வேகம் அடங்கிய பிறகு உடம்பு பழக்கமே இல்லாத உடம்பாக இருக்கும் என்பதை அவனுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள், ஆனால் அம்மாவிடம் ஆரம்பிக்காதீர்கள், அவனிடம் ஆரம்பியுங்கள். 'நீ எடுப்பாய் என்று சொல்லவில்லை, உன் உடம்பு இப்போது தாங்காது என்று உனக்குத் தெரியுமா' என்று கேளுங்கள். பக்கத்து செல் குறட்டையைக் கேட்டவன் அவன், அவனுக்கு நீங்கள் விளக்க வேண்டியதே இருக்காது. எடுத்துவிட்டால் தனியாக இருக்காதே, கதவைத் தாழ்ப்பாள் போடாதே, தூக்க மாத்திரையோ மதுவோ சேர்க்காதே, எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடு, நான் திட்ட மாட்டேன். இதைச் சொல்லப் பல வீடுகளில் வாய் வருவதில்லை. வெளியே வந்தவர்கள் பூட்டிய குளியலறைக்குள் சாவதற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

நலாக்சோன் பற்றிச் சுருக்கமாக. ஓபியாய்டை மூளையிலிருந்து விலக்கித் தள்ளும் மருந்து, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் ஊசியாகவும் வருகிறது. போதை கிடையாது, ஓபியாய்டு எடுக்காதவருக்குக் கொடுத்துவிட்டாலும் கெடுதல் இல்லை. ஸ்காட்லாந்தில் 2011 முதல் தேசியத் திட்டமாகவே விடுதலையாகும் கைதியின் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறார்கள், அந்நாட்டின் மொத்த ஓபியாய்டு சாவுகளில், சிறையிலிருந்து வந்த நான்கு வாரத்துக்குள் நடப்பவற்றின் பங்கு அதன்பின் கிட்டத்தட்ட பத்து சதவீதத்திலிருந்து ஆறு சொச்சத்துக்கு இறங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிச் சிறைகளில் 2021-ல் ஒரு படி மேலே போய், கைதிகள் தங்கும் கூடத்திலேயே ஸ்ப்ரேயை வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே மயங்கிக் கிடந்தவர்களுக்குச் சக கைதிகளே ஓடிப்போய் அடித்த கேமராப் பதிவை நிர்வாகமே வெளியிட்டது.

---

எண்ணிக்கைமுடிந்தது

அக்கா, அந்தக் கூடத்தில் வைத்த விஷயம் இருக்கிறதே, அது ஒன்று எங்கள் பிளாக்கில் இருந்திருந்தால் இரண்டு பேரையாவது எனக்கு இன்னும் தெரிந்திருக்கும். மருந்து மட்டும் போதாது, கூப்பிட்டவன் மேல் அன்றைக்கு ராத்திரி கை வைக்க மாட்டோம் என்று எழுதி ஒட்ட வேண்டும். வெளியே சில நாடுகளில் ஓவர்டோஸுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவன் மேல் பொருள் வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குப் போடாத சட்டம் இருக்கிறதாமே, உள்ளே அதே மாதிரி ஒன்று வைப்பதில் என்ன கஷ்டம்?

ஆற்றங்கரை தம்பி, ஒன்று சொல்கிறேன். வாசலில் போய் நீங்களே கூட்டி வாருங்கள். என்னை விட்டபோது வெளியே நின்றது பழைய சிநேகிதன் ஒருவன்தான். அவன் கெட்டவன் இல்லை, சந்தோஷத்தில் வந்தான். ஆனால் அவன் பாக்கெட்டில் என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

---

நேர்கோடு

சோதனை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஸ்ப்ரேயை வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அது தீயணைப்புக் கருவி மாதிரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

---

ஆற்றங்கரை

அவனிடம் பேசிவிட்டேன். நான் தொடங்கியதும் அவனே 'அண்ணா, எனக்கும் அதுதான் பயம்' என்றான். மருத்துவரைப் பார்க்க எழுதிக் கொடுக்கிறேன் என்றிருக்கிறான், கொடுத்தானா என்று மறுபடி பேசும்போது கேட்பேன். கிளினிக்கில் நேரம் கேட்டிருக்கிறேன், விடுதலைத் தாள் நகல் வேண்டும் என்றார்கள். வாசலுக்கு நான்தான் போகிறேன். சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை, அவனே சொல்வதாகச் சொல்கிறான்.

செத்துப்போனவர் வீட்டு நம்பரை உள்ளே ஒருவர் மூலமாக வாங்கித் தருகிறேன் என்றான். வாய்தா சார், கிடைத்ததும் உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன்.

கடைசியாக ஒன்று. ஸ்ப்ரே இரண்டு வாங்கப் போகிறேன். ஒன்று வீட்டில், ஒன்று என் காரில் வைக்கலாமா? ஒன்று அடித்து எழுந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லைதானே?

---

இரவுப்பணி

போயே ஆக வேண்டும். நலாக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும்தான் நிற்கும், உள்ளே இருக்கும் பொருள் அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம், குறிப்பாக மெத்தடோன். எழுந்து உட்கார்ந்து பேசிய ஆள் ஒரு மணிநேரம் கழித்துத் திரும்ப நீலமாவார். எழுந்ததும் உடம்பெல்லாம் குடைகிறது என்று எரிந்து விழுவார், திரும்ப எடுக்கப் பார்ப்பார், பக்கத்திலேயே இருங்கள்.

வரிசை இது. கூப்பிட்டுப் பாருங்கள், நெஞ்செலும்பைத் தேயுங்கள், எழவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்குப் போன், ஒரு மூக்குத்துளையில் ஸ்ப்ரே, மூச்சு இல்லை என்றால் தலையைப் பின்னால் சாய்த்து ஐந்து விநாடிக்கு ஒரு தடவை வாயோடு வாய் வைத்து மூச்சு. இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லை என்றால் இரண்டாவது ஸ்ப்ரே, மற்றத் துளையில். மூச்சு வந்ததும் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் தொண்டையில் போகாது. தண்ணீர் தெளிப்பது, நடக்க வைப்பது, வாயில் எதையாவது ஊற்றுவது எதுவும் வேண்டாம். அவன் எடுத்தது செயற்கைக் கஞ்சாவாகவோ தூக்க மாத்திரையாகவோ இருந்தால் ஸ்ப்ரே கேட்காது, அப்போதும் அடிப்பதில் தப்பில்லை, மூச்சு கொடுப்பதை மட்டும் விடாதீர்கள்.

காரில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் கார் சூட்டுக்கு மருந்து வீணாகிவிடும். இரண்டையும் வீட்டில் எல்லோரும் நடமாடும் இடத்தில் ஒன்றாக வையுங்கள். பீரோவுக்குள் பூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். மூக்கில் அடித்துச் சோதித்துப் பார்க்கவும் கூடாது, அதில் இருப்பது ஒரே டோஸ். காலாவதித் தேதியை டப்பாவின் மேல் பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது சித்திக்கும் தெரிய வேண்டும், அவனே சொல்லட்டும், ஆனால் அவன் வருகிற அன்றைக்குள் சொல்லிவிடட்டும்.